சர்வர் விழுந்தால் எத்தனை மணி நேரத்தில் எழுப்புவீர்கள்? மும்பையில் சிறு அலுவலகம் நடத்துபவர்களுக்கு ஒரு பேக்கப் வழிகாட்டி

வடாலா டிரக் டெர்மினல் பக்கம் ஒரு லாரி புக்கிங் அலுவலகத்தில் கணக்கும் கம்ப்யூட்டரும் பார்க்கிறேன். முதலாளிக்கு ஊர் நாமக்கல், தலைமை அலுவலகமும் அங்கேதான். மும்பைக் கிளையில் ஒரு சர்வர், பதினொரு கம்ப்யூட்டர்.

இரண்டு வருடம் முன்பு ஜூலையில், ஜிஎஸ்டிஆர்-3பி (மாதாந்திர ஜிஎஸ்டி ரிட்டர்ன்) தாக்கல் செய்ய மூன்று நாள் இருக்கும்போது, திங்கட்கிழமை காலை அந்த சர்வர் எழவில்லை. காதை வைத்துக் கேட்டால் டிஸ்க்குக்குள் டக், டக் என்று ஒரே சத்தம். பேக்கப் இருக்கிறதே என்ற தைரியத்தில் எக்ஸ்டர்னல் டிஸ்க்கைச் செருகினேன். முந்தின இரவு வரைக்கும் தேதிவாரியாக ஃபோல்டர்கள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் பில்லிங் டேட்டாபேஸ் ஃபைல் இருந்தது. அளவு 0 கேபி.

பிப்ரவரியில் சாஃப்ட்வேர் அப்டேட் செய்தவர் டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மாற்றியிருக்கிறார். தினமும் தானாக பேக்கப் எடுக்கும் ஸ்கிரிப்டில் பழைய பாஸ்வேர்டு அப்படியே இருந்தது. உள்ளே நுழைய முடியாவிட்டாலும் அந்தக் கட்டளை ஒரு வெற்று ஃபைலை உருவாக்கிவிடும். ஐந்து மாதம் தினமும் இரவு 11 மணிக்கு வெற்று ஃபைல்தான் சேர்ந்திருக்கிறது. முதலாளி நாமக்கல்லிலிருந்து போனில் ஒன்றுதான் கேட்டார்: "ஏனுங் தம்பி, தினமும் பேக்கப் எடுக்கறேன்னீங்களே, அது எங்கீங்?"

நான்கு நாள் பில்டியை (லாரியில் ஏற்றும் சரக்குக்கான ரசீது) கையால் எழுதினோம். இ-வே பில்லை (சரக்கோடு போக வேண்டிய ஜிஎஸ்டி சீட்டு) அரசு போர்ட்டலில் நேரடியாகப் போட முடிந்தது. ஆனால் பார்ட்டி வாரியான பாக்கி, அட்வான்ஸ் எல்லாம் அந்த டிஸ்க்கில். ஐந்து மாதக் கணக்கை பில்டி கார்பன் நகல்களிலிருந்து திரும்ப ஏற்றி முடிக்க செப்டம்பர் ஆகிவிட்டது. அதற்குப் பிறகு படித்து, விசாரித்து, செய்து பார்த்துத் தெரிந்துகொண்டதை இங்கே வரிசையாக எழுதுகிறேன். உங்கள் தொழில் வேறாக இருக்கலாம், வேலை இதேதான்.

1. முதலாளியிடம் இரண்டு எண்களை வாங்குங்கள்

எந்த டிஸ்க், எந்த சாஃப்ட்வேர் என்று தேடுவதற்கு முன் இதைச் செய்யுங்கள். முதல் எண்: சர்வர் விழுந்தால் எத்தனை மணி நேரம் தாங்கும்? இரண்டாவது எண்: எவ்வளவு நேரத்து டேட்டா போனால் திரும்ப ஏற்றிக்கொள்ள முடியும்? கம்ப்யூட்டர்காரர்கள் முதலாவதை ஆர்டிஓ என்பார்கள், இரண்டாவதை ஆர்பிஓ என்பார்கள். லாரி ஆபீசில் ஆர்டிஓ என்றால் எல்லாருக்கும் வேறொரு அலுவலகம் ஞாபகம் வரும் என்பதால் நான் போர்டில் "நிற்கும் நேரம்", "இழக்கும் நேரம்" என்று எழுதிவைத்தேன்.

கேட்டவுடன் எல்லா முதலாளியும் "எதுவும் போகக்கூடாது, உடனே வரணும்" என்றுதான் சொல்வார்கள். அதைக் குறித்துக்கொண்டு வந்துவிடாதீர்கள். வேலையை எண்ணிக் காட்டுங்கள். எங்களுக்கு மணிக்கு சுமார் 15 பில்டி. இரண்டு பேர் உட்கார்ந்தால் 60 பில்டி வரை கையால் எழுதிச் சமாளிக்கலாம். அதற்கு மேல் போனால் யார்டில் வண்டி நின்றுவிடும், டிரைவர்கள் ஜன்னலுக்கு வந்துவிடுவார்கள். அப்படித்தான் 4 மணி நேரம் என்ற எண் வந்தது. பில்லிங்கில் 15 நிமிட இழப்பு, டாலியில் (கணக்கு மென்பொருள்) ஒரு நாள், ஸ்கேன் செய்த பிஓடி (சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான ரசீது) நகல்களில் ஒரு நாள் என்று முடிவானது. எல்லாவற்றுக்கும் ஒரே எண் வைத்தால் செலவு தேவையில்லாமல் ஏறும்.

2. எது எங்கே இருக்கிறது என்று மேஜை மேஜையாகப் போய் எழுதுங்கள்

ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். சர்வரில் உட்கார்ந்து பார்த்தால் பாதிதான் தெரியும். எங்கள் ரேட் ஷீட் சர்வரிலேயே இல்லை. புக்கிங் கிளார்க்கின் டெஸ்க்டாப்பில் ஒரு எக்செல் ஃபைலாக, ஏழு வருடமாக, ஒரே ஒரு நகலாக இருந்தது. "இது போயிட்டா என்னண்ணே செய்வீங்க?" என்று கேட்டபோதுதான் அவரும் யோசித்தார்.

பட்டியலில் டேட்டாவோடு சேர்த்து, அதைத் திரும்ப ஓடவைக்கத் தேவையானவற்றையும் எழுதுங்கள். சாஃப்ட்வேர் இன்ஸ்டாலர், அதன் சரியான வெர்ஷன், லைசென்ஸ் விசை, பிரிண்டர் அமைப்பு, ரவுட்டர் அமைப்பு, சர்வரின் ஐபி முகவரி. வெர்ஷன் ஏன் முக்கியம் என்றால், எஸ்கியூஎல் சர்வர் என்ற மைக்ரோசாஃப்ட் டேட்டாபேஸ் மென்பொருளில் புதிய வெர்ஷனில் எடுத்த பேக்கப்பை பழைய வெர்ஷனில் ஏற்றவே முடியாது. அவசரத்தில் கையில் கிடைத்த பழைய சிடியைப் போட்டால் அங்கேயே நின்றுவிடுவீர்கள்.

டிஎஸ்சி டோக்கனுக்கு (டிஜிட்டல் கையொப்பம் இருக்கும் யுஎஸ்பி கருவி) பேக்கப் கிடையாது. அதற்குள் இருக்கும் சாவியை நகலெடுக்க முடியாது. தொலைந்தால் புதிதாகத்தான் வாங்க வேண்டும். காலாவதி தேதியைக் காலண்டரில் குறித்து, முடிந்தால் இன்னொருவரையும் கையொப்பமிடும் அதிகாரம் உள்ளவராகப் பதிந்துவையுங்கள்.

3. மூன்று நகல், இரண்டு விதமான இடம், ஒன்று வேறு ஊரில்

இதை 3-2-1 என்பார்கள். ஓடிக்கொண்டிருக்கும் டேட்டா ஒன்று. அலுவலகத்திலேயே ஒரு நாஸ் பெட்டியில் (நெட்வொர்க்கில் மாட்டும் டிஸ்க் பெட்டி) இரண்டாவது. ஊருக்கு வெளியே மூன்றாவது.

இங்கே எல்லாரும் விழும் மூன்று குழிகள் உண்டு. "ரெய்டு போட்டிருக்கிறோம்" என்பது முதலாவது. ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கில் ஒரே நேரத்தில் எழுதும் ரெய்டு, ஒரு டிஸ்க் செத்தால் காப்பாற்றும். யாராவது ஃபைலை அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். "கூகுள் டிரைவில் சிங்க் ஆகிறது" என்பது அடுத்தது. இங்கே அழித்தால் அங்கேயும் குப்பைக்குப் போகும், 30 நாளில் அங்கிருந்தும் போய்விடும். மூன்றாவது, பேக்கப் டிஸ்க்கை சர்வர் பக்கத்திலேயே நிரந்தரமாகச் செருகி வைத்திருப்பது. மின்னழுத்தம் எகிறினாலும், தண்ணீர் வந்தாலும், வைரஸ் வந்தாலும் இரண்டும் சேர்ந்து போகும்.

மும்பையில் இருப்பவர்கள் தண்ணீரை மனதில் வைத்தே திட்டம் போட வேண்டும். 2005 ஜூலை 26-ல் சான்டாகுரூசில் ஒரே நாளில் 944 மி.மீ. மழை பதிவானது. அந்த அளவு மழை தேவையில்லை. கிங்ஸ் சர்க்கிள், ஹிந்த்மாதா பக்கம் சாதாரண ஜூலை மழைக்கே முழங்கால் தண்ணீர் நிற்கும். தரைத்தளத்தில் காலா (சிறு தொழிற்கூட அறை) எடுத்திருந்தால் சர்வரையும் நாஸையும் மேஜைக்கு அடியில் வைக்காதீர்கள். எங்களுடையது இப்போது நெஞ்சு உயரத்தில், சுவரில் பொருத்திய இரும்புத் தட்டில் இருக்கிறது. யுபிஎஸ்ஸும் தரையில் இல்லை.

வெளியூர் நகல் என்றால் உண்மையிலேயே வேறு ஊர். வடாலா ஆபீஸ் டிஸ்க்கை ஆன்டாப் ஹில் வீட்டில் கொண்டுபோய் வைத்தால் இரண்டுக்கும் ஒரே மழைதான். கிளவுடில் வைப்பதானாலும் எந்த ஊர் டேட்டா சென்டர் என்று பார்த்துத் தேர்ந்தெடுங்கள். இந்தியாவுக்குள்ளேயே அமேசானுக்கு மும்பையோடு ஹைதராபாத்தும், மைக்ரோசாஃப்டுக்கு சென்னையும், கூகுளுக்கு டெல்லியும் உண்டு. ஆபீஸ் மும்பையில் என்றால் அந்த இரண்டாவது ஊரைத் தேர்ந்தெடுங்கள். 2021 மார்ச்சில் பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்கில் ஓவிஹெச் என்ற கிளவுட் நிறுவனத்தின் டேட்டா சென்டர் எரிந்தபோது, சர்வரையும் பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்தவர்கள் இரண்டையும் இழந்தார்கள்.

இதற்கு மேல் நாங்கள் ஒன்று செய்கிறோம். மாதம் ஒருமுறை ஊருக்குப் போகிறவர் கையில், என்கிரிப்ட் செய்த (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டிய) ஒரு டிஸ்க்கைக் கொடுத்தனுப்புகிறோம். போன மாத டிஸ்க் திரும்ப வரும். நாமக்கல் ஆபீஸ் பீரோவில் எப்போதும் ஒன்று இருக்கும். எந்த நெட்வொர்க்கிலும் செருகப்படாத நகல் அது ஒன்றுதான்.

4. ஓடுகிற டேட்டாபேஸை ஃபைலாக காப்பி செய்யாதீர்கள்

திறந்திருக்கும் டேட்டாபேஸ் ஃபைலை இழுத்துப் போட்டால் பாதி எழுதிய நிலையில் காப்பி ஆகும். பார்க்க நல்ல ஃபைல் மாதிரியே இருக்கும், ஏற்றும்போது உடையும். டேட்டாபேஸுக்கு அதனுடைய பேக்கப் கட்டளையையே பயன்படுத்துங்கள். விண்டோஸ் சர்வர் முழுவதையும் எடுப்பதானால் ஷேடோ காப்பி வசதியை (ஓடும்போதே அந்த நொடியின் நிலையைப் பிடித்து நகலெடுப்பது) பயன்படுத்தும் மென்பொருள் வேண்டும். வீம் நிறுவனத்தின் இலவசப் பதிப்பு 10 மெஷின் வரை கையாளும்; சிறு அலுவலகத்துக்கு அதுவே போதும். லினக்ஸ் என்றால் ரெஸ்டிக் அல்லது போர்க்.

டாலியை எல்லாரும் மூடிய பிறகு எடுங்கள். டாலிபிரைமில் ஆல்ட்+ஒய் அழுத்தினால் வரும் மெனுவில் பேக்கப் இருக்கும். அதைத் தவிர டேட்டா ஃபோல்டர் முழுவதையும் இரவு பேக்கப்பில் சேர்த்துவிடுங்கள்.

பில்லிங்கில் 15 நிமிடத்துக்கு மேல் இழக்கக்கூடாது என்றால் இரவு பேக்கப் மட்டும் பத்தாது. உங்கள் டேட்டாபேஸ் மைஎஸ்கியூஎல் என்றால் பைனரி லாகை (ஒவ்வொரு மாற்றத்தையும் பதியும் ஃபைல்) இயக்கி, அதை 15 நிமிடத்துக்கு ஒருமுறை நாஸுக்கு நகலெடுங்கள். எஸ்கியூஎல் சர்வர் என்றால் ரிக்கவரி மாடலை ஃபுல் என்று மாற்றி, ஒரு முழு பேக்கப் எடுத்துவிட்டு, பிறகு லாக் பேக்கப்பைத் தொடங்குங்கள். ஃபுல் என்று மாற்றிவிட்டு லாக் பேக்கப் எடுக்காமல் விட்டால் லாக் ஃபைல் வீங்கி டிஸ்க்கே நிரம்பிவிடும். அதன் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் தானாக ஓடவைக்கும் ஏஜென்ட் இருக்காது, விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் போட வேண்டும்.

எத்தனை நாள் வைத்திருப்பது? தினசரி 14, வாரம் 5, மாதம் 12, ஆண்டுக்கு ஒன்று என்று வைத்திருக்கிறோம். தினசரி ஏழு மட்டும் வைத்திருந்தால், போன மாதம் யாரோ தப்பாக அழித்த லெட்ஜரை இந்த மாதம் கண்டுபிடிக்கும்போது எடுக்க எதுவும் இருக்காது.

வேலை முடிந்ததும் மெயில் வரும்படி வையுங்கள். "வெற்றி" என்று மட்டும் வந்தால் நம்பாதீர்கள். ஃபைல் அளவும் அதில் வர வேண்டும். நேற்று 3.1 ஜிபி, இன்று 3.1 ஜிபி என்று வருவதுதான் எனக்கு நிம்மதி. திடீரென்று சுருங்கினால் அன்றே பாருங்கள். மெயிலே வராத நாளையும் தோல்வி என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

5. பேக்கப்பை வைரஸ் தொடாத இடத்தில் வையுங்கள்

ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் வைரஸ்) நுழைந்தால் முதலில் தேடுவது பேக்கப்பைத்தான். நாஸுக்கு சர்வர் அட்மின் பாஸ்வேர்டையே கொடுக்காதீர்கள்; தனிப் பெயர், தனி பாஸ்வேர்டு. நாஸை ஊழியர் கம்ப்யூட்டர்களில் ஷேர் டிரைவாகக் காட்டாதீர்கள். கிளவுடில் ஆப்ஜெக்ட் லாக் வசதியை 30 நாளுக்குப் போட்டால், பாஸ்வேர்டு கையில் இருப்பவன்கூட அந்த நாட்களுக்குள் அழிக்க முடியாத அமைப்பு உண்டு. கம்ப்ளையன்ஸ் மோட் என்று இருப்பதைத் தேர்ந்தெடுங்கள். ஆனால் நீங்களும் அழிக்க முடியாது, அந்த நாட்களுக்கான வாடகை கட்டியே ஆக வேண்டும்.

என்கிரிப்ஷன் சாவியைத் தொலைத்தால் பேக்கப் இருந்தும் இல்லாததுதான். அதைக் காகிதத்தில் அச்சிட்டு, மூடிய கவரில், இரண்டு ஊரில் வையுங்கள். சர்வருக்குள்ளேயே ஒரு நோட்பேட் ஃபைலில் வைத்திருக்கும் அலுவலகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

6. செலவும் காலமும்

எங்களுக்கு ஆன கணக்கு இது, ஜிஎஸ்டி உட்பட. இரண்டு டிஸ்க் கொள்ளும் நாஸ் பெட்டி சுமார் 22,000 ரூபாய். அதற்கு 4 டிபி டிஸ்க் இரண்டு, 24,000. ஊருக்குப் போய்வர 2 டிபி எக்ஸ்டர்னல் இரண்டு, 13,000. யுபிஎஸ் 8,000. லாமிங்டன் ரோட்டில் வாங்கிய ரீஃபர்பிஷ்டு கம்ப்யூட்டர் ஒன்று, 28,000. ஆகமொத்தம் 95,000. கிளவுடில் 600 ஜிபிக்கு மாதம் சுமார் 1,300, அதற்கு 18 சதவீத ஜிஎஸ்டி தனி. விலை ஏறி இறங்கும், வாங்கும் நாளில் இரண்டு கடையில் கேளுங்கள்.

அந்த 28,000 ரூபாய் கம்ப்யூட்டரை வீண் செலவு என்று நினைக்காதீர்கள். எங்கள் 4 மணி நேரத்தைக் காப்பாற்றுவது அதுதான். பேக்கப் இருந்தும் ஏற்றுவதற்கு மெஷின் இல்லாமல் நிற்பவர்கள் நிறைய. சர்வர் போல வேகமாக இருக்காது, ஆனால் பில்டி போடும்.

நெட் வேகத்தைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 எம்பிபிஎஸ் என்று வாங்கியிருந்தாலும் அப்லோடு எவ்வளவு என்று தனியாகச் சோதியுங்கள். எங்களுக்கு 40-தான் வந்தது. அந்த வேகத்தில் 400 ஜிபி ஏற காகிதக் கணக்கிலேயே 22 மணி நேரம். முதல் தடவையை சனி இரவு தொடங்குங்கள். கவனிக்க வேண்டியது திரும்ப எடுக்கும் நேரம். 100 எம்பிபிஎஸ்ஸில் 400 ஜிபி இறங்க 9 மணி நேரம். ஜிகாபிட் கேபிளில் நாஸிலிருந்து அதே 400 ஜிபி ஏறக்குறைய ஒரு மணி நேரம். சாதாரண நாளில் நாஸ்தான் கைகொடுக்கும், கட்டடமே போனால் கிளவுட். நாஸை மிச்சம் பிடிக்கலாம் என்று கிளவுடை மட்டும் வைத்துக்கொண்டால் 4 மணி நேரத்தில் எழவே முடியாது.

மலிவாக இருக்கிறதே என்று அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவில் தினசரி பேக்கப்பைப் போடாதீர்கள். கேட்டால் ஃபைல் கைக்கு வரவே 12 மணி நேரம் வரை ஆகும். பழைய ஆண்டுக் கணக்குக்கு அது சரி. டேட்டாவை வெளியே எடுக்கும்போது தனிக் கட்டணம் உண்டா என்பதையும் முன்கூட்டியே கேளுங்கள்.

யோசித்து முடிவெடுத்ததிலிருந்து எல்லாம் ஓடத் தொடங்க எங்களுக்கு ஐந்து வாரம் ஆனது. மழைக்கு முன் முடிய வேண்டும் என்றால் ஏப்ரலில் தொடங்குங்கள்.

7. சட்டம் கேட்பது

ஜிஎஸ்டி பதிவுள்ள எல்லாரும் கணக்குகளை, அந்த ஆண்டின் வருடாந்திர ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். மின்னணுக் கணக்குக்கு முறையான பேக்கப் வேண்டும் என்று விதி 57 சொல்கிறது. பிரைவேட் லிமிடெட் என்றால் 8 நிதியாண்டு. அதோடு, 2022 ஆகஸ்டில் வந்த திருத்தத்துக்குப் பிறகு, கணக்குப் புத்தகங்களின் பேக்கப் இந்தியாவுக்குள் இருக்கும் சர்வரில் தினமும் எடுக்கப்பட வேண்டும். அதனால்தான் மேலே இந்திய ஊர்களை மட்டும் சொன்னேன். ஆடிட்டர் கேட்டால் காட்டுவதற்கு பேக்கப் மெயில்களை ஒரு ஃபோல்டரில் சேர்த்துவையுங்கள்.

8. விழுந்த அன்று

முதல் 15 நிமிடம் எதையும் சரிசெய்யப் போகாதீர்கள். என்ன நடந்தது என்று மட்டும் பாருங்கள். டக் டக் சத்தம் வரும் டிஸ்க்கைத் திரும்பத் திரும்ப ஆன் செய்யாதீர்கள். நான் எட்டு தடவை செய்தேன், டிஸ்க்கிலிருந்து டேட்டா மீட்பவர் அதைத்தான் முதலில் கேட்டார். ரான்சம்வேர் என்று சந்தேகம் வந்தால் நெட்வொர்க் கேபிளை உருவுங்கள், பேக்கப் டிஸ்க்கை அந்த மெஷினில் செருகவே செருகாதீர்கள். தாக்குதல் தெரிந்த 6 மணி நேரத்துக்குள் செர்ட்-இன்னுக்கு (மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) தெரிவிக்க வேண்டும் என்பது 2022 ஏப்ரல் உத்தரவு. பணம் போயிருந்தால் சைபர் குற்ற உதவி எண் 1930-க்கு உடனே அழையுங்கள்.

பிறகு வரிசைப்படி ஏற்றுங்கள். எங்களுக்கு பில்லிங் முதலில், டாலி அடுத்து, ஸ்கேன் நகல்கள் மறுநாள். வேலை நடக்கும்போது முதலாளிக்கு மணிக்கு ஒரு தடவை சொல்ல ஒருவரைத் தனியாக வையுங்கள். ரீஸ்டோர் செய்பவரே போனும் எடுத்தால் தப்பு நடக்கும்.

இந்த வரிசை, பாஸ்வேர்டு கவர் இருக்குமிடம், போன் எண்கள் எல்லாம் காகிதத்தில் இருக்கட்டும். 2020 அக்டோபர் 12-ல் மும்பை முழுக்க மின்சாரம் போனதே, அந்த மாதிரி நாளில் திரையில் எதுவும் தெரியாது.

9. ஒத்திகை

இந்த ஒன்றுக்காகத்தான் முழுக் கட்டுரையும் எழுதினேன். ஐந்து மாதத்தில் ஒரே ஒரு நாள் அந்த ஃபைலைத் திரும்ப ஏற்றிப் பார்த்திருந்தால் எங்களுக்கு எதுவும் ஆகியிருக்காது.

மாதம் ஒருமுறை ஏதாவது ஒரு ஃபைலை, ஒரு பழைய தேதியிலிருந்து எடுத்துத் திறந்து பாருங்கள். பத்து நிமிட வேலை. மூன்று மாதத்துக்கு ஒருமுறை முழு ஒத்திகை: சர்வரைத் தொடாமல், மாற்று கம்ப்யூட்டரை நெட்வொர்க்கிலிருந்து பிரித்துவைத்து, அதில் எல்லாவற்றையும் ஏற்றுங்கள். எஸ்கியூஎல் சர்வரின் "வெரிஃபை ஒன்லி" சோதனை, ஃபைலைப் படிக்க முடிகிறதா என்று மட்டும்தான் சொல்லும். உண்மையில் ஏற்றி, செக்டிபி (டேட்டாபேஸில் உடைசல் உண்டா என்று பார்க்கும் கட்டளை) ஓட்டி, பிறகு மனிதக் கண்ணால் பாருங்கள். நாங்கள் நேற்றைய கடைசிப் பில்டி எண், ஒரு பார்ட்டியின் பாக்கித் தொகை, போன மாத டிரையல் பேலன்ஸ் மூன்றையும் ஒரு துண்டுச் சீட்டில் முன்பே எழுதிவைத்து ஒத்துப் பார்ப்போம்.

இரண்டாவது முறை உங்களைத் தவிர வேறொருவரைச் செய்யச் சொல்லுங்கள். நீங்கள் பக்கத்தில் வாய் திறக்காமல் உட்காருங்கள். அவர் எந்த இடத்தில் தயங்குகிறாரோ அந்த வரியைக் காகிதத்தில் திருத்துங்கள். நீங்கள் ஊருக்குப் போயிருக்கும் நாளில் அவர்தான் செய்ய வேண்டியிருக்கும்.

நேரத்தை எழுதிவையுங்கள். எங்களுடைய முதல் ஒத்திகைக்கு 7 மணி நேரம் ஆனது. போன சனிக்கிழமை புக்கிங் கிளார்க் அண்ணன் தனியாகச் செய்தார்: 2 மணி 40 நிமிடம். அதில் 50 நிமிடம் பில்லிங் சாஃப்ட்வேரின் லைசென்ஸ் விசையைத் தேடுவதிலேயே போனது. நான் அதை என் மெயிலில் வைத்திருந்தேன், அவரால் எப்படி எடுக்க முடியும்? திங்கட்கிழமை காலை அதை அச்சிட்டு, நாஸ் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கவரிலும் நாமக்கல் பீரோவிலும் வைத்தாயிற்று.